தீர்த்தம் பட்ட காட்ரிட்ஜ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழரசன் என் வீட்டுக்கு வந்து, துக்கம் விசாரிக்க வந்தவன் முகத்தோடு உட்கார்ந்தான். வில்லியனூரில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த சர்வீஸ் கடையை இப்போது நடத்துகிறவன் அவன். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், தொப்பை, எல்லாம் உண்டு.

"இன்னாபா, இன்னா ஆச்சு?"

"என் டீமைக் காணோம்ணே."

ஏழு வருடமாகப் போனில் ஒரு கால்பந்து ஆட்டம் ஆடி வந்திருக்கிறான். பதினோரு பேரையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறான். அன்று காலை திறந்தால் ஆட்டம் இல்லை. கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டு, 'இத்தனை காலம் எங்களோடு பயணித்ததற்கு நன்றி' என்று ஒரு செய்தி வைத்திருந்தது.

"நடு ரோட்டுல பஸ்ஸை வுட்டு எறக்கிட்டு, வந்ததுக்கு நன்றின்றான்ணே. காசு குடுத்து வாங்கினது எப்பிடிண்ணே காணாம போவும்?"

"நீ ஆட்டத்தை வாங்கல. அவன் இருக்குற வரைக்கும் ஆடிக்கிறதுக்கு அனுமதி வாங்கினே. ஒப்புக்கொள்கிறேன்னு அழுத்தினியே, அங்க எழுதியிருக்குது."

"அதை யாருண்ணே படிக்கிறாங்க?"

நான் படித்திருக்கிறேன். ஓய்வு பெற்றவன் மருந்து டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தையே இரண்டு முறை படிப்பான். அந்த ஒப்பந்தம் நல்ல நீளம். கதாநாயகன் கம்பெனி, நாம் எங்கேயோ ஒரு மூலையில் 'பயனர்' என்ற பெயரில் வந்துபோகிற துணைப் பாத்திரம்.

ஒரு சாமானை வைத்திருப்பது என்றால் என்ன என்று அவனுக்கு விளக்கப் போய், விளக்கம் பெரிதாகி, கடைசியில் அவன் "எழுதிக் குடுங்கண்ணே" என்று சொல்லித் தப்பித்து ஓடிவிட்டான். ஆகவே எழுதுகிறேன். தப்பித்தவன் படித்தே ஆகவேண்டும்.

நான் படித்தது பி.ஏ. தமிழ் இலக்கியம். அதாவது, எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது என்பதை முறைப்படி மூன்று வருடம் உறுதிசெய்துகொண்டவன். அதற்குப் பிறகு ரேடியோ மெக்கானிசம் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல இரண்டே செய்தி: ஈயம் சுடும், மின்சாரம் அதைவிட வேகமாகப் புத்தி சொல்லும். பிறகு வில்லியனூர் கடைவீதியில் கோவிந்தராஜு என்பவர் என்னை வேலைக்கு எடுத்தார். எதற்காக எடுத்தார் தெரியுமா? கையெழுத்துக்காக.

முதலாளி எண்ணெய் மண்டிக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பி எல்லோரும் எண்ணெயில் இருக்க, இவர் மட்டும் டிவி, ரேடியோ, வீடியோ கேம் என்று போனதால் சொந்தக்காரக் கல்யாணங்களில் இவரைச் சின்னப்பிள்ளைகள் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று கேள்வி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்த மாட்டார். கோபம், பாராட்டு, சந்தேகம், ஆச்சரியம், 'நாளையிலிருந்து வேலைக்கு வராதே' ஆகிய ஐந்தையும் "அப்படியா" என்ற ஒரே சொல்லில் சொல்லுவார். எந்த அப்படியா எது என்று பிரித்தறிய எனக்கு மூன்று வருடம் ஆனது. பட்டப்படிப்புக்கு ஆன அதே காலம்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. யார் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும், என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். முதலில் கேட்பது: "இதுல எது போவக் கூடாது?"

வந்தவர் சொல்வதை நான் என் வட்டக் கையெழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, பெட்டி மேலே டேப் போட்டு ஒட்டவேண்டும். அதன்பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். கோளாறை நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம், எது போகக்கூடாது என்பது கொண்டுவந்தவருக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. ஒரு டீச்சர் ரிமோட்டைக் கொடுத்து, மூடிக்குப் பதிலாகச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் காட்டினார். 'ரப்பர் பேண்ட், பச்சை' என்று எழுதி ஒட்டினேன். அதுவும் பத்திரமாகத் திரும்பிப் போனது.

இரண்டாவது விதியும் ஒன்று உண்டு. பெட்டி திரும்பிப் போனபின் வந்தவருடைய எதுவும் நம்மிடம் தங்கக்கூடாது. ஒரு ஸ்க்ரூ மிஞ்சினாலும் ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஆரம்ப காலத்தில் நான் கழற்றி மாட்டிய பெட்டிகளில் ஸ்க்ரூ அடிக்கடி மிஞ்சும் என்பதால், வில்லியனூரைத் தாண்டி பாகூர் கொம்யூன் ஊர்கள் வரைக்கும் எனக்குச் சைக்கிளில் அத்துப்படி.

முதல் வாரத்திலேயே ஒரு அப்படியா வாங்கினேன். அந்தக் காலத்தில் வீடியோ கேம் பெட்டியில் சொருகுகிற காட்ரிட்ஜ் ஓடாவிட்டால் ஊரே என்ன செய்யும்? ஊதும். வாயில் வைத்துப் புல்லாங்குழல் மாதிரி ஊதிவிட்டுச் சொருகினால் ஓடும். நானும், தொழில்காரன் என்பதால், இன்னும் பலமாக ஊதினேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்று, "நீ ஊதுறதுல காத்து கொஞ்சம், எச்சி நெறைய," என்று சொல்லி, பல் துலக்கும் பிரஷ் ஒன்றையும் ஸ்பிரிட் பாட்டிலையும் என் முன்னால் வைத்தார். காட்ரிட்ஜ் வாயிலிருக்கும் பித்தளைப் பற்கள் பச்சை பூப்பது எச்சிலால்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வில்லியனூரில் பாதி காட்ரிட்ஜ்கள் அன்பால் செத்தவை.

காட்ரிட்ஜ் போய் சிடி வந்தது. கீறல் விழுந்த சிடியைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். கடை முழுக்கப் புதினா வாசனை. சிடியும் போய் டவுன்லோடு வந்தது. அதற்கு நான் செய்ய ஒன்றுமில்லை. கழற்றுவதற்கு ஸ்க்ரூவே இல்லாத ஒரு பொருளின் முன்னால் மெக்கானிக் என்பவன் வெறும் பார்வையாளன். சிடியையாவது மச்சானுக்கு இரவல் கொடுத்து, அவன் திருப்பித் தராமல், ஆறு மாதம் பேசாமல் இருக்கலாம். டவுன்லோடு செய்ததை வைத்து ஒரு சண்டைகூடப் போட முடியாது.

இனி சொல்ல வந்த கேஸுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்து ஊதுவத்தி ஏற்றவில்லை, சூசை என்பவன் வந்து நின்றான். ஊர், வில்லியனூரை ஒட்டிய ஒரு கிறிஸ்தவப் பங்குக் கிராமம். நெல்லும் கரும்பும் போடுகிறவன். கையில் மஞ்சள் பை. பையைப் பிரித்து ஒரு காட்ரிட்ஜை மேசையில் வைத்தான். அதிலிருந்து மூன்று நெல்மணிகள் உருண்டு முதலாளி பக்கம் போய் நின்றன.

"அப்படியா," என்றார் முதலாளி. இது சந்தேகம்.

கதை இது. சூசையின் பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். அவர் ஒருமுறை பிரான்சிலிருந்து வீடியோ கேம் பெட்டி ஒன்றும் ஒரே ஒரு கால்பந்து காட்ரிட்ஜும் கொண்டுவந்தார். ஆட்டத்தில் எழுத்தெல்லாம் பிரெஞ்சு. அதனால் அந்தக் குடும்பத்துக்குச் சரியாக நாலு பிரெஞ்சுச் சொல் தெரியும். சாப்பாட்டு இடைவேளையை இன்றைக்கும் அவர்கள் 'மித்தான்' என்றுதான் சொல்லுகிறார்கள்; ஆட்டத்தில் பாதி நேரத்துக்கு அப்படி வருமாம்.

சூசையும் தங்கை பிலோமினாவும் இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஒரே காட்ரிட்ஜில் வருடத்துக்கு ஒரு லீக் ஆடுகிறார்கள். பிலோமினாவைச் செலியமேட்டில் கட்டிக்கொடுத்த பிறகும் நிற்கவில்லை. பொங்கலுக்கு வந்தால் இரண்டு ஆட்டம், ஈஸ்டருக்கு வந்தால் மூன்று, நடுவில் எந்த ஞாயிறு வந்தாலும் ஒன்றிரண்டு. கடைசி ஆட்டம் மட்டும் ஊர்த் திருவிழாவில், கொடி இறக்கியபின். ஜெயித்தவர் வீட்டில் பெட்டியும் காட்ரிட்ஜும் ஒரு வருடம் இருக்கும். இத்தனை வருடத்தில் அது சூசை வீட்டைத் தாண்டியதே இல்லை.

இந்த வருடம்தான் முதல்முறையாகத் தங்கை முன்னால் இருக்கிறாள். ஒரே ஒரு புள்ளி. கடைசி ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும், பெட்டி செலியமேட்டுக்குப் போகும்.

"நாளைக்கு சாய்ங்காலம் ஆட்டம்ணே. நேத்து கோயில்ல வண்டிங்களுக்குத் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாங்க. சரி, இதையும் மந்திரிச்சிடலாம்னு பைக் டேங்க் மேல வச்சேன்."

"மந்திரிச்சாரா?" என்றேன்.

"ஃபாதர் நல்ல மனுசன்ணே. கஞ்சத்தனமே கெடையாது. ஒரு கை தீர்த்தம், மொத்தமா இது மேலயே ஊத்திட்டார்."

"அப்பறம்?"

"தண்ணில வுழுந்த போனை அரிசில போடுவாங்கல்ல? எங்க வூட்ல அரிசி இன்னும் அரைக்கல. நெல்லு மூட்டைல பொதைச்சு வச்சேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. குரல் மட்டும் மாறவில்லை. "இதுல எது போவக் கூடாதுபா?"

சூசை தலையைக் குனிந்தான். "தங்கச்சியோட ஒரு பாயிண்ட்டு. அது போச்சுன்னா நான்தான் வேணும்னு அழிச்சேன்னு சொல்லுவா. ஜென்மத்துக்கும் என் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா."

எழுதினேன்: 'போகக்கூடாதது: தங்கை பிலோமினாவின் ஒரு புள்ளி.' ஒட்டினேன்.

கழற்றியபோது உள்ளே உமி, தூசி, தீர்த்தம், இவை மூன்றும் சேர்ந்த ஒருவகைக் கூழ். முதலாளி கைவிளக்கைப் பிடிக்க, நான் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். துடைத்து, காயவைத்து, கடைப் பெட்டியில் சொருகினால் படம் வந்தது. லீக் பட்டியலும் வந்தது. எட்டு எழுத்துக்குமேல் பெயர் வைக்க முடியாததால் SELIAMED 31, SOOSAI 30. சூசை சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் முதலாளி, பிரித்துப் போட்ட பலகையில் பேட்டரியைச் சுட்டிக்காட்டினார். அந்தக் காலத்துக் காட்ரிட்ஜ்களில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். நாம் ஆடி முடித்த கணக்கையெல்லாம் ஒரு சிப் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பேட்டரியின் தயவில். மூன்று வோல்ட் இருக்கவேண்டியது இரண்டேகால் காட்டியது. அதன் ஒரு கால் பச்சை பூத்து, முடிக்கனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியை எடுத்தால் ஞாபகம் போய்விடும். எடுக்காமல் பைக்கில் ஊருக்குக் கொண்டுபோனால் முதல் பள்ளத்தில் போய்விடும்.

"வூட்ல காப்பி எடுக்குற கருவி வச்சிருக்கேன். போய் எடுத்தாரேன்," என்றேன்.

"நீ வர்ற வரைக்கும் இந்தக் காலு நிக்கும்னு எழுதிக் குடுப்பியா?"

எழுதிக்கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் பிலோமினா வந்து இறங்கினாள். செலியமேட்டில் அங்கன்வாடி டீச்சர். ஊரிலிருந்து யாரோ போன் செய்துவிட்டார்கள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நெல்லு மூட்டைலயா?"

"அவசரத்துக்கு..."

"அவிச்சு எடுத்திருக்கலாமே. புழுங்கலாவாச்சும் ஆயிருக்கும்."

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது குழந்தைகளை ஒரே கண்ணால் உட்காரவைக்கிறவள். அந்தக் கண் இப்போது என் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் கோலின் மேல்.

செய்த வேலை இதுதான். இரண்டு பென் டார்ச் செல்களை வரிசையாகச் சேர்த்து மூன்று வோல்ட் எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர். பழைய பேட்டரி இருக்கும்போதே, அது சிப்புக்குப் போகிற பாதையில் இந்த ஒயர்களைப் பற்றவைக்க வேண்டும். பிறகு பழையதைக் கழற்றினாலும், இதன் தயவில் சிப் மறக்காது. நோயாளிக்கு வெளியிலிருந்து மூச்சு கொடுத்துக்கொண்டே அறுவை செய்கிற மாதிரி. ஒயர் இரண்டும் தொட்டுக்கொண்டால் எல்லாம் முடிந்தது. ஈயக்கோலில் துளி மின்கசிவு இருந்தாலும் முடிந்தது. அதனால் கோல் நன்றாகச் சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறுவதற்குள் தொட்டு எடுக்கவேண்டும். சூடு தங்குவது நாலைந்து விநாடி.

முதலாளி பிளக்கைப் பிடுங்குவார். நான் தொடுவேன். மறுபடி சொருகுவார். மறுபடி பிடுங்குவார். இருபத்தேழு வருடத்தில் நாங்கள் ஒன்றாகச் செய்த வேலைகளில் இவ்வளவு தாளத்தோடு எதுவும் நடந்ததில்லை. என் நெற்றியில் வேர்வை திரண்டு பலகைக்கு நேர்மேலே தொங்கியது. முதலாளி தன் கஞ்சி போட்ட சட்டைக் கையால் அதைத் துடைத்தார். உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி நெற்றி எரிந்தது. சூசை வாசலில் நின்றபடி செபமாலை சொல்ல, "சத்தமா சொல்லாதண்ணா, அவரு கை ஆடுது," என்றாள் பிலோமினா.

புதிய பேட்டரி உட்கார்ந்தது. ஒயரைக் கழற்றினேன். மாட்டினேன். போட்டேன். SELIAMED 31, SOOSAI 30.

பிலோமினா என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தாள். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் நான் வீட்டுக்குப் பறந்து, அந்தக் கருவியையும் என் லேப்டாப்பையும் கொண்டுவந்து, காட்ரிட்ஜ் முழுவதையும், ஆட்டம், பட்டியல், புள்ளி எல்லாவற்றையும், அந்தக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். நம்மிடம் எதுவும் தங்கக்கூடாது என்ற விதி தெரியும். ஆனால் அவ்வளவு பாடுபட்ட பிறகு அது இன்னொரு தடவை தீர்த்தத்தில் குளிக்கும் என்ற பயம். கொஞ்சம் பெருமையும்தான். பெருமை இருந்தால் வாய் சும்மா இருக்குமா? "இனிமே பயமே இல்லம்மா, ஒரு காப்பி எங்கிட்ட கீது," என்று பிலோமினாவிடம் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கொடி இறங்கியதும் கூட்டம் அப்படியே சூசை வீட்டு வாசலுக்கு வந்தது. டிராக்டர் டிரெய்லர் மேல் டிவி. அறுபது பேர் இருப்பார்கள். அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். பிலோமினா தன் மாமியாரைக் கோல்கீப்பராக வைத்திருந்தாள். "எங்க வூட்ல எதையும் உள்ள வுடாதவங்க அவங்கதான்," என்று காரணமும் சொன்னாள். மாமியார் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் தன் பெயர் வந்தபோதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

ஒன்றுக்கு ஒன்று. சமன். இன்னும் சில விநாடி. பிலோமினாவின் தரப்பில் ஏற்கனவே ஒருவர் பட்டாசுக்குத் தீப்பெட்டி எடுத்துவிட்டார். சூசையின் ஆள் நடு மைதானத்திலிருந்து சும்மா ஓர் உதை உதைத்தான். பந்து தத்தித் தத்தி, வழி கேட்டுக்கொண்டு வருகிற விருந்தாளி மாதிரி வந்தது. கோல்கீப்பர் அசையவில்லை. உள்ளே போனது.

"நான் இன்னாடி பண்ணுவேன்? நீதானே பட்டனை அமுக்கணும்!" என்று மாமியார் எழுந்துவிட்டார். அடுத்த அரைமணி நேரம் திரைக்கு வெளியே நடந்த ஆட்டத்தைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே பிலோமினா வாசலில் நின்றாள்.

"அண்ணே, அந்தக் காப்பி இருக்குல்ல? சனிக்கிழம எடுத்தது?"

"இருக்குதும்மா."

"அதை அந்தக் காட்ரிட்ஜ்ல ஏத்திக் குடுங்க. ஞாயித்துக்கிழமையே நடக்காத மாரி."

பின்னாலிருந்து "அப்படியா" என்று கேட்டது. ஐந்தாவது வகை. நகல் என்ற ஒன்று இருப்பதே முதலாளிக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

பிலோமினா பையிலிருந்து எங்கள் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். என் வட்டக் கையெழுத்து. "போகக்கூடாததுன்னு நீங்கதான எழுதி ஒட்டினீங்க மொதலாளி? போயிடுச்சே!"

தன் சீட்டையே தன்மேல் யாரும் பிரயோகித்து முதலாளி பார்த்ததில்லை. ரொம்ப நேரம் அதைப் படித்தார்.

"காட்ரிட்ஜ் உங்க அண்ணன் வூட்ல இருக்குதும்மா. ஜெயிச்சவர் வூட்ல. அதை நாங்க தொட மாட்டோம். நடந்த ஆட்டத்தை அழிக்கிற வேல இந்தக் கடைல கெடையாது."

"அப்ப காப்பி? அது யாருது?"

அங்கேதான் நாங்கள் மாட்டினோம். ஆட்டம் அதைச் செய்த கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை, மன்னிப்புக் கேட்கக்கூட விலாசம் கிடையாது. பெட்டி சொல்தா பெரியப்பா கொடுத்தது. காட்ரிட்ஜ் சூசை வீட்டில். கம்ப்யூட்டர் என்னுடையது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முதலாளி விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஒரு விரல் மிஞ்சியது.

"பாயிண்ட்டு அவங்களுது," என்றார். "அவங்க சாமான் நம்மகிட்ட இன்னாத்துக்கு? குடுத்துடு. குடுத்துட்டு உங்கிட்ட இருக்குறதை அழிச்சிடு."

எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளும் வெற்று காட்ரிட்ஜ் ஒன்றில் அந்தச் சனிக்கிழமையை ஏற்றினேன். கடையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றையும் தட்டிச் சரிசெய்து கொடுத்தேன். பிலோமினா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். அவள் கிளம்புவதற்கு முன்பே, அவள் கண்ணெதிரில், என்னிடமிருந்ததை அழித்திருந்தேன்.

சூசை கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் போனில் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது. "வுடுங்கண்ணே. எப்பிடியும் எங்கூடதான ஆடியாவணும்? போய் மறுபடி ஜெயிச்சுட்டு வரேன்."

போன கிறிஸ்துமஸுக்கு என்னைச் செலியமேட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் லீக் பட்டியல். SELIAMED 31, SOOSAI 30. கீழே, ஆடவேண்டிய ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அதற்கு எதிரே சூசை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தான்.

"பிலோமி! வாடி, ஒரே ஆட்டம். பத்து நிமிசம்."

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "இருண்ணா, பிரியாணி தம்முல இருக்குது."

சூசை என் பக்கம் சாய்ந்து, "நாலு கிறிஸ்துமஸா அந்த ஒரே பிரியாணிதான்ணே தம்முல இருக்குது," என்றான். சொல்லிவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்து, கை கழுவ எழுந்து போனான்.